மைக்கில் வாசிக்க முடியாத ஊழியம்

படிவத்தில் அவள் எழுதியிருந்ததைச் சபைச் செயலாளர் சிவப்பு மையால் அடித்திருந்தார். ஒரு கோடு போதாதென்று இரண்டு கோடு. ‘உங்கள் ஊழியம்’ என்று கேட்டிருந்த இடத்தில் அவள், ‘ஆண்கள் வார்டு, எழுந்திருக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டுவது’ என்று எழுதியிருந்தாள். இப்போது அதற்கு மேலே ‘உபசரிப்புக் குழு’ என்றிருந்தது. அதாவது, ஆராதனை முடிந்ததும் டீ ஊற்றிக் கொடுப்பது.

சபையில் ‘நோக்கம் கண்டறியும் முகாம்’ அப்போதுதான் முடிந்திருந்தது. கர்த்தர் ஒவ்வொருவரையும் எதற்காகப் படைத்தார் என்பதைப் போதகர் திரையில் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் போட்டு விளக்கினார். படைத்தவர் ஆறே நாளில் முடித்த வேலையை விளக்க இவருக்கு ஏழு வாரம் பிடித்தது. கடைசியில் எல்லோருக்கும் ஒரு நோக்கம் அகப்பட்டுவிட்டது. பாடத் தெரிந்தவர்களுக்குப் பாடல் குழு. பாடத் தெரியாத, ஆனால் சொல்லி அடக்க முடியாதவர்களுக்கும் பாடல் குழு.

அவளுக்கு முகாம் தேவைப்படவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்த முதல் வாரம், ஒரு பெரியவரின் முதுகுப் புண்ணைத் துடைக்கும்போது குமட்டிக்கொண்டு வந்தது. வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வாளியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “மெதுவா போம்மா, தரை ஈரமா இருக்கு” என்றார் அவர். வானம் ஒன்றும் திறக்கவில்லை. அவள் திரும்பி வந்து, தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். இதற்குத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை. வரும் ஞாயிறு அவரவர் ஊழியத்தைச் சொல்லி, தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள் என்றதும்தான், தன்னுடையதற்கும் ஒருவர் ஒருமுறை ஜெபிக்கட்டுமே என்று ஆசைப்பட்டு எழுதிக் கொடுத்தாள்.

“சிஸ்டர், நாங்க ஊழியம் கேட்டோம். நீங்க உத்தியோகத்தை எழுதிட்டீங்க” என்றார் செயலாளர்.

“அதுவும் ஊழியம்தானேங்க. என் ஆஸ்பத்திரி கார்டுலயே ஊழியர்னுதான் போட்டிருக்கு.”

செயலாளர் சிரித்தார், பக்கத்தில் நின்றவர்களுக்கும் அதில் பங்கு வைத்தார். “அப்படிப் பார்த்தா பஸ் கம்பெனி ஊழியர் எல்லாருமே ஊழியக்காரங்கதான். இத மேடையில வாசிக்கணும், சிஸ்டர். குளிப்பாட்டுறதுன்னு மைக்குல எப்படி வாசிக்கிறது? அதுலயும் ஆண்கள்.”

“வருஷா வருஷம் பெரிய வியாழனுக்குப் போதகர் ஐயா பன்னெண்டு பேர் காலக் கழுவுறாரே. எல்லாம் வீட்டுலயே சோப்பு போட்டுத் தேச்சுட்டு வர்ற காலு. அத மட்டும் மைக்குல சொல்றீங்க, போட்டோ வேற.”

“அது வசனத்துல இருக்கு” என்றார் செயலாளர், வசனமே அவர் கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததுபோல.

அன்றிரவு அவள் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, “விடு. டீயத்தான் ஊத்தேன். கர்த்தருக்குத் தெரியாதா?” என்றார்.

“அவருக்குத் தெரியும். இவங்களுக்கில்ல தெரியணும்.” பாத்திரம் கழுவும் தொட்டியில் அவள் போட்ட டம்ளர் ஒன்று நசுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணி ஷிப்டுக்கு நேராகப் போக வேண்டுமென்று ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே வந்திருந்தாள். உபசரிப்புக் குழுவைக் கூப்பிட்டார்கள். ஆறு பெண்கள் வரிசையில் முட்டிபோட்டார்கள். கடைசியில் அவள் போய், முட்டிபோடாமல் நின்றாள். கண்ணை மூடியபடியே வந்த போதகர், “இந்தச் சகோதரியின் உபசரிப்பை ஆசீர்வதியும்” என்று தொடங்கினார்.

“டீ இல்லைங்க ஐயா.” மைக் அதையும் வாங்கி மண்டபம் முழுக்கப் போட்டது. “ஆண்கள் வார்டு. எந்திரிக்க முடியாதவங்களக் குளிப்பாட்டுறது. அதுக்கு ஜெபம் பண்ணுங்க.”

போதகர் கண்ணைத் திறந்தார். செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். கிருமிநாசினியில் ஊறி வெளுத்து, விரல் கணுக்களில் வெடித்த கைகள். முன்வரிசையில் யாரோ செருமினார்கள். அவள் கைகளை இறக்கவில்லை. அந்தரத்தில் நின்றுவிட்ட போதகரின் வலது கை, அவள் தலைக்கும் நீட்டிய கைகளுக்கும் நடுவே, எங்கே இறங்குவதென்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தது.