கொக்கி ஆறும் நேரம்

அமெரிக்காவில் ஏரிக்கரையிலுள்ள எரீ நகரத்தில் லோர்னா நிற்கிற இடத்தில் காற்று அடிக்காது. பிறவியிலிருந்தே அப்படித்தான். ஏரிப் பக்கமிருந்து எந்தப் புயல் வந்தாலும் அவள் தொப்பி தலையிலேயே இருக்கும். அவள் வீட்டுக் கொடியில் துணி காய்ந்ததாகச் சரித்திரமே இல்லை. கிரேன் கொக்கி அடிக்கும் பட்டறை இதைக் கேள்விப்பட்டு அவளுக்கு வேலை கொடுத்தது. சம்மட்டியில் அடிபட்ட இரும்புக்குள் முறுக்கு ஏறியிருக்கும். செக்கச் செவேலென்று காய்ச்சி, அசையாத காற்றில் தானாக ஆறவிட்டால்தான் அது அடங்கும். அதற்குப் பிறகுதான் மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்க வேண்டும், கடைசியில் இளஞ்சூட்டில் பதப்படுத்த வேண்டும். ஆறும் கொக்கிகளுக்குப் பக்கத்தில் லோர்னா இருபத்திரண்டு வருஷம் நின்றாள். அந்தத் தைரியத்தில் மற்றவர்கள் மின்விசிறி போட்டுக்கொண்டார்கள். அவளுக்கு மட்டும் வியர்த்தது.

பிறகு பிரென்ட் மேலாளராக வந்தான். வந்த வாரமே, கொக்கி ஆறுகிற மூன்று மணி நேரம் அவன் கண்ணை உறுத்தியது.

"ஆறப்போட வேணாம். நேரா எண்ணெய்க்கு அனுப்பு."

"விரிசல் விடும், பிரென்ட்."

"போன வருஷம் எத்தனை விரிசல் விட்டுச்சு?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்புறம் என்னத்துக்குப் பயம்?"

இப்படிப்பட்ட மூளைக்கு மருந்து கிடையாது. கொக்கியோடு போகும் அட்டையில், 'ஆறவைத்தவர்' என்ற இடத்தில் லோர்னா கையெழுத்துப் போட்டாள். மறுத்தால் வேலை போகும். வேலையோடு கணவன் ஜீனின் டயாலிசிஸுக்கான காப்பீடும் போகும். கொக்கிகள் துறைமுகத்துக்குப் போயின. அங்கே சரக்குக் கட்டுகிறவன் அவள் தம்பி காஸ்.

"கொக்கிக்குக் கீழ நிக்காதடா," என்றாள். காரணம் சொல்லவில்லை.

"கீழ நிக்காம சரக்கை யாருக்கா கட்டுறது? மச்சானா வருவாரு?" என்று அவன் சிரித்தான்.

அக்டோபரில் ஒரு கொக்கி முறிந்து காஸ் செத்துப்போனான். விசாரணையில் அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். அதில் லோர்னாவின் பெயர் இருந்தது, பிரென்டின் பெயர் இல்லை. துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கென்று பிரென்ட் வாட்டிய பன்றித்தொடை கொண்டுவந்தான். மறுவாரம் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்து, கொக்கிகளைப் பழையபடி ஆறவைக்கவும் சொன்னான். லோர்னா போய் நின்றாள். போகாமல் என்ன செய்வாள்? ஜீனுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் ஊசி குத்த வேண்டும்.

காஸின் கல்லறையில் அவன் மகள் மார்னி ஒரு சிவப்புக் காற்றாடி நட்டிருந்தாள். லோர்னா பக்கத்தில் போனதும் அது நின்றுவிட்டது.

"அப்பாவுக்கு அது சுத்தணும், அத்தை. நீங்க வெளிய நில்லுங்களேன்," என்றாள் மார்னி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதிலிருந்து ஞாயிறுதோறும் லோர்னா கல்லறைத் தோட்டத்தின் கம்பிவேலிக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே காற்றாடி நன்றாகச் சுற்றுகிறது.