மாமியாருக்கு ஒரு நோட்டீஸ்

எங்கள் அலுவலகத்துக்குப் பெயர் பெரிய நிறுவனங்கள் வரிப் புலனாய்வுப் பிரிவு. பெயரைக் கேட்டால் நாலு மாடிக் கட்டடம், கண்ணாடிக் கதவு, காதில் கருவி மாட்டிய ஆட்கள் என்றெல்லாம் தோன்றும். உண்மையில் நாங்கள் மூன்றே பேர்: தலைமை அதிகாரி, நான், ஓட்டுநர். ஓட்டுநருக்கு ஓட்ட வண்டி கிடையாது. பழுதுபார்க்கப் போன வண்டி போனதுதான். ஆனால் ஓட்டுநர் பணியிடம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்காக அவர் தினமும் வந்து சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். எதிர்க் கட்டடத்தில் சிறுகடைகள் பிரிவு இருக்கிறது. அங்கே மூன்று தளம் நிறைய ஆட்கள், வாசலில் வரிசையாக வண்டிகள். முடிதிருத்துகிறவர் ஒரு நாள் தாமதமாகக் கணக்குக் கொடுத்தால் போதும், அடுத்த நாள் காலையில் இரண்டு பேர் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள், முடிவெட்டிக்கொள்ள அல்ல.

எங்கள் தலைமை அதிகாரிக்கு நானும் ஓட்டுநரும் வைத்த பெயர் 'பார்க்கலாம் சார்'. கெட்ட மனிதர் இல்லை. கெட்டது செய்யவும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டுமே.

நான் கையில் வைத்திருந்தது ஒரு தண்ணீர்க் கம்பெனியின் கோப்பு. ஊர் முழுக்க அவர்கள் கேன்தான். எங்கள் அலுவலகத்திலும் அவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் அவர்களைத் துரத்தினோம். விற்பதெல்லாம் இங்கே, லாபம் மட்டும் எங்கோ ஒரு தீவில் போய் வெயில் காயும். எப்படியென்றால், கேனில் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயர் அந்தத் தீவில் இருக்கும் இன்னொரு கம்பெனிக்குச் சொந்தமாம். தன் பெயரைத் தானே வாடகைக்கு எடுத்து, வரவு முழுவதையும் வாடகையாகக் கொடுத்துவிட்டு, பாவம், வருடா வருடம் நஷ்டக் கணக்குக் காட்டுவார்கள். தீவுக் கம்பெனி என்பது ஒரு தபால் பெட்டி. அதற்கும் பூட்டு இல்லையாம். என் மகள் பிறந்தபோது எடுத்த கோப்பு இது. அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, முன்பல் விழுந்து, முளைத்தும் ஆயிற்று.

எல்லாம் நிரூபித்தாகிவிட்டது. ஒன்றுதான் பாக்கி. நோட்டீஸை கம்பெனி டைரக்டர் கையில் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கோப்பை நடத்துகிற அதிகாரிதான் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் செல்லாது, வாசலில் ஒட்டினாலும் செல்லாது. நான் உறையை ஒட்டும் நாளில் எல்லாம் டைரக்டர் ராஜினாமா செய்துவிடுவார். ஒருவர் வெளிநாட்டில் குதிரை பழக்கப் போய்விட்டார். இன்னொருவர் வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினால், அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதாம். செத்த பிறகும் கம்பெனிக் கணக்கில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அந்தக் கடமையுணர்ச்சியைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்படி டிமிக்கி கொடுத்துக் கொடுத்தே கெடுவின் கடைசி நாள் வந்துவிட்டது. அன்று அலுவலகம் மூடுவதற்குள் கொடுக்காவிட்டால் வழக்கு காலாவதி. காலையில் கணினியில் புது டைரக்டர் யாரென்று பார்த்தேன். பெயரைப் படித்தேன். தந்தை பெயரைப் படித்தேன். முகவரியைப் படித்தேன். அது என் வீட்டு முகவரி. புது டைரக்டர் என் மாமியார்.

"சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் ஓட்டுநர் சாவியைக் கீழே போட்டுவிட்டார்.

பார்க்கலாம் சார் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை நான் மறக்கவே மாட்டேன். "அடடா. உறவினர் விதி இருக்கேம்மா. சொந்தக்காரங்க சம்பந்தப்பட்ட கோப்புல இருந்து நீ விலகிக்கணும். வேற ஆளுக்கு மாத்தி எழுத ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா? இன்னைக்குக் கடைசி நாள் சார்!"

"அதான் சொல்றேன். நம்ம கையில என்ன இருக்கு? பார்க்கலாம்."

இது யார் வேலை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கம்பெனியின் வரி ஆலோசகர் வேறு யாருமில்லை, இதே நாற்காலியில் பார்க்கலாம் சாருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர். இங்கே ஓய்வு பெற்ற மறுநாளே அங்கே போய்ச் சேர்ந்தவர். என் கல்யாணத்துக்கு வந்து, என் மாமியாரோடு அரைமணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசியவர். விதிகள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். உறவினர் விதியை எழுதியதே அவர்தான்.

ஆத்திரத்தில் விதிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். உறவினர் என்றால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர், மாமனார், மைத்துனர், நாத்தனார், ஓரகத்தி, சித்தப்பா, அவர் மக்கள், மக்களின் மக்கள் என்று ஒரு கல்யாணப் பந்தலே போட்டு வைத்திருந்தார். மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். மாமியார் இல்லை.

"சார், மாமியார் உறவினர் இல்ல சார்!"

"அதெப்படிம்மா இல்லாம இருக்கும்?"

ஓட்டுநர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இதை எழுதின பழைய ஐயா அப்ப சிறுகடைகள் பிரிவுல. அவரோட மாமியார் சந்தைப் பக்கம் பேக்கரி வச்சிருந்தாங்கம்மா. ரெண்டு பேருக்கும் ஆகாது. தானே போய் சோதனை போடணும்னு ஐயாவுக்கு ஆசை. அதுக்காகவே அந்த ஒரு வார்த்தையை விட்டுட்டாரு. நான்தான் வண்டி ஓட்டினேன். ரொட்டி அடுப்புக்குள்ள எல்லாம் தலையை விட்டுப் பார்த்தாரு."

மனிதர் அதை மறந்தே போய்விட்டிருக்கிறார். உலகத்தில் எல்லோருக்கும் மாமியார் உறவுதான் என்று, தான் செய்த காரியத்தைத் தானே மறந்துவிட்டு, என் மாமியாரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உறையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் ஓட்டுநர் ஓடிவந்தார். வண்டி இல்லாவிட்டால் என்ன, கூட வருவது தன் வேலை என்றார்.

என் மாமியார் வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறார். நாங்கள் போனபோது வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, பக்கத்து வங்கிக் காசாளரை முக்காலியில் ஏற்றி நிறுத்தி, அவர் பேன்ட்டின் கால் மடிப்பைக் குத்திக்கொண்டிருந்தார். விடுமுறையில் இருந்த என் வீட்டுக்காரர் என் கையில் இருந்த உறையைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார், குளிக்கப் போகிறேன் என்று போய்விட்டார். காலையில் ஒருமுறை குளித்தவர்தான்.

"அத்தை, நீங்க தண்ணிக் கம்பெனியில டைரக்டரா?"

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திவிட்டு நிமிர்ந்தார். "ஆமா. உன் பழைய ஆபீசர் சட்டைப் பித்தான் தைக்க வந்தாரு. கௌரவப் பதவி, மாசாமாசம் ஏதோ தருவோம், கையெழுத்து போட்டாப் போதும்னாரு. இந்த வீட்டுல யாரு என்னைக் கௌரவமா நடத்துறீங்க? சரின்னேன்."

"கம்பெனியே இப்ப உங்க பேர்ல இருக்கு அத்தை."

"என் பேர்லயா? அப்ப நாம எதுக்குக் கேனுக்குக் காசு குடுக்கறோம்?"

முக்காலியில் நின்ற காசாளர் சிரித்ததில் ஓர் ஊசி அவர் காலில் ஏறிவிட்டது. அவர் கத்தினார். நான் நோட்டீஸை நீட்டினேன். மாமியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்க ஆபீஸ் காகிதமா? தொடமாட்டேன். போன வருஷம் ஒரே ஒரு நாள் லேட்டுன்னு என்கிட்ட வட்டி, அபராதம் எல்லாம் புடுங்கினாங்க. மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவோம்னு மிரட்டிட்டுப் போனான் ஒருத்தன். நீ என்ன பண்ணே? விதின்னே."

விதி என்றுதான் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் வாங்க மாட்டேன் என்றால் அதோடு தீர்ந்தது. அப்போது காசாளர் ஒற்றைக் காலில் நின்றபடியே குனிந்து, உறைமேல் இருந்ததை உரக்கப் படித்தார். மாமியாரின் முழுப் பெயர், அதன் கீழே தடித்த எழுத்தில் 'நிர்வாக இயக்குநர் அவர்கள்'.

"அவர்கள்னா போட்டிருக்கு?" என்றார் மாமியார்.

"ஆமாம்மா. அவர்கள்னுதான் இருக்கு."

அளவெடுக்கும் நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார், அதுவும் சுழித்துச் சுழித்து. நானும் ஓட்டுநரும் ரசீதைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியதைப் பார்த்தவர்கள் ஏதோ திருட்டு நடந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பதிவுச் சன்னல் சாத்தப்படும்போது உள்ளே கையை விட்டேன். முத்திரை விழுந்தது.

நோட்டீஸ் வாங்கிய டைரக்டரை வழக்கு முடியும்வரை மாற்ற முடியாது. அதனால் ஆலோசகர் அடுத்த வழியைப் பிடித்தார். எங்கள் துறையின் சமரசக் குழு. அங்கே நடப்பது எனக்குத் தெரியும். கம்பெனி ஒரு சின்னத் தொகையைச் சொல்லும், குழு தலையாட்டும், பிஸ்கட் வரும், எல்லோரும் கைகுலுக்குவார்கள். டைரக்டர் நேரில் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் என் இத்தனை வருட உழைப்பும் அந்த பிஸ்கட்டோடு கரைந்துபோகும். வழக்கைப் பற்றி நான் மாமியாரிடம் வெளியே ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரே வீட்டில் ஒரு மாதம் நானும் மாமியாரும் மழை வருமா வராதா என்று மட்டும் பேசிக்கொண்டோம். ஆலோசகர் பழக்கூடைகளோடு வந்து வந்து போனார். மாமியார் பழத்தைச் சாப்பிட்டாரே தவிர, என்ன நினைக்கிறார் என்று காட்டிக்கொள்ளவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

சமரச நாளன்று மாமியார் இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு நீள மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஆலோசகரும் மூன்று வக்கீல்களும். மறுபக்கம் குழுத் தலைவர், பார்க்கலாம் சார், கடைசியில் நான். பிஸ்கட் முன்கூட்டியே வந்துவிட்டது. காகிதத்தை நகர்த்தி, பேனாவையும் திறந்து கொடுத்தார் ஆலோசகர்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அவ்வளவுதான்மா."

"இதுல போட்டிருக்கறது கட்ட வேண்டியதுல எத்தனை பங்கு?"

"நூத்துல ஒரு பங்கும்மா" என்றார் ஆலோசகர் பெருமையாக.

"மீதி?"

"தள்ளுபடி."

"யாரு குடுத்தா?"

"நாங்கதாம்மா" என்றார் குழுத் தலைவர் அடக்கத்தோடு.

மாமியார் அவரையே பார்த்தார். "எனக்கு ஏன் குடுக்கல? நான் முழுசும் கட்டினவ. ஒரு நாள்தான் லேட்டு. எங்க வீட்டு வாசல்ல நின்னு தெருவே கேக்கற மாதிரி கத்தினாங்களே, அவங்க உங்க ஆளுங்கதானே? அப்ப எங்க வச்சிருந்தீங்க இந்தத் தள்ளுபடியை?"

பார்க்கலாம் சார் ஒரு பிஸ்கட்டை எடுத்து, சத்தம் வருமோ என்று பயந்து திரும்ப வைத்தார்.

"நான் டைரக்டர்" என்றார் மாமியார். "என் கம்பெனி ஒருத்தருக்கும் பாக்கி வைக்காது. முழுசும் கட்டுறோம். அப்படி எழுதுங்க, போடுறேன்."

ஆலோசகர் துள்ளி எழுந்தார். "அம்மா, நீங்க சும்மா பேருக்கு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பேருக்கு வைத்த டைரக்டர் என்று குழு முன்னால் சொன்னால் அது மோசடி. அந்த விதியையும் அவர்தான் எழுதியிருந்தார். மூன்று வக்கீல்களும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். எனக்கு எழுந்து விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. மேசைக்கடியில் என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

குழுத் தலைவர்தான் முதலில் சுதாரித்தார். "அம்மா, யோசிச்சுப் பாருங்க. குறைச்சுக் கட்டினா உங்க கம்பெனிக்குத்தானே லாபம்? ஏன் வீம்பு பண்றீங்க?" வரி அதிகாரி ஒருவர் வரி கட்டுகிறவரிடம் தயவுசெய்து குறைவாகக் கட்டுங்கள் என்று கெஞ்சியதை அன்றுதான் பார்த்தேன். "அதுவும் இல்லாம, முழுசும் கட்டறதுக்கு எங்ககிட்ட படிவமே இல்லம்மா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"வெள்ளைத்தாள் இருக்குல்ல?" என்றார் மாமியார்.

என் பையில் இருந்தது. நான் எழுதினேன். முழுத் தொகையும் ஒப்புக்கொள்ளப்பட்டது, வட்டி உட்பட. மாமியார் இரண்டு முறை படித்துவிட்டு, சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். ஆலோசகர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார், வக்கீல்கள் அவர் பின்னால் ஓடினார்கள். மாமியார் மூன்று பிஸ்கட்டைக் கைக்குட்டையில் பேத்திக்காக மடித்துக்கொண்டு, கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

குழுத் தலைவர் அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப இதை என்னம்மா பண்றது?"

"வசூல் பண்ணணும் சார்."

அவர் தாளைப் பார்த்தார், பார்க்கலாம் சாரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். முப்பது வருடம் இந்தத் துறையில் இருந்தவர், உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"எப்படிம்மா?"