சுவர்ப்பக்கம் திரும்பிய பெரணி

சார்ஜெண்டு என்பது ஆளல்ல, நாய். ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் தில்லைநாயகம் பென்ஷனோடு குற்றாலத்து வீட்டுக்கு ஆசையாய்க் கூட்டிவந்த ஒரே ஜீவன். மனைவி ரெங்கம்மாளுக்கு ஒருநாளும் கிடைக்காத செல்லமெல்லாம் அதற்குக் கிடைத்தது. அவளுக்குப் பொருமல்தான். ஆனாலும் சோறு பிசைந்து வைப்பவள் அவள்தான்.

அந்தச் சாரல் பருவத்தில் அவளுக்கும் ஓர் ஆசை வந்தது. ஐந்தருவிப் பாறையிடுக்கில் பச்சைப்பசேலென்று தொங்கிய பெரணிச் செடியொன்றை வேரோடு பெயர்த்துவந்து, தாழ்வாரத்தில் தொட்டியில் வைத்தாள். அவர் நாயைக் கொஞ்சட்டும், நமக்கு இது போதும் என்று இருந்தாள்.

சனிக்கிழமை காலை பால் ஊற்ற வந்த பேச்சித்தாய் அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டாள்.

"ஆச்சி, மலையில பெரணி தின்ன எங்க மாடு ரத்தமா மோண்டு செத்துப்போச்சு. நீங்க அத வீட்டுலயா வச்சிருக்கீய?"

அவள் போன கொஞ்ச நேரத்தில் தொட்டிப் பக்கம் ஓங்கரிக்கும் சத்தம். சார்ஜெண்டு பச்சைப் பச்சையாய் வாந்தியெடுத்துவிட்டுக் காலை நீட்டிப் படுத்துவிட்டது. ரெங்கம்மாள் தொட்டியைத் திருப்பிப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் செடி மொட்டையாக இருந்தது.

தென்காசி மாட்டாஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கலாமென்றால் வீட்டில் ஆளில்லை. அவரோ உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு அருவிக்குப் போயிருந்தார். அவர் உயிரையே வைத்திருக்கிற நாயை நான் கொன்றுவிட்டேனே என்று புலம்பினாள். பயம் வந்தால் புத்தி எங்கே நேராகப் போகும்? செடியைக் கொல்லைக்கு அப்பால் வீசிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று தொட்டியைத் தூக்கினாள். நாய் படுத்தபடியே அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. அவளால் முடியவில்லை. தொட்டியை இறக்கி வைத்துவிட்டு அழுதாள்.

ஈரத்துண்டோடு தில்லைநாயகம் படியேறினார்.

"என்னங்க, நான் பாவி! நான் வச்ச செடியத் தின்னுட்டான். அது விஷமாம். வண்டி பிடியுங்க!"

அதட்டினால் ஸ்டேஷனே நடுங்கிய மனிதர், வாந்தியையும் தொட்டியையும் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"அழாதட்டி. செடியில ஒண்ணுமில்ல."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? பேச்சித்தாய் மாடே செத்திருக்கு."

"அது மலை மேல ஆளுயரம் நிக்குத வேற சாதி. இத நீ கொண்டாந்த நாள்லருந்து இவன் தெனமும் காலையில கடிச்சுத் திங்குதான். நீ வைவேன்னு நாந்தான் கடிச்ச பக்கத்தச் சுவரப் பாக்கத் திருப்பித் திருப்பி வச்சேன்."

"அப்ப இந்த வாந்தி?"

அவர் குரல் இறங்கியது. "சனிக்கிழமைல்லா... நான் எண்ணெ தேய்ச்சேன். அவனுக்கும் முதுகுல கொஞ்சம் தேய்ச்சேன். அருவியில நாயை விடமாட்டாவ, வந்து குளிப்பாட்டலாம்னு போயிட்டேன்."

ரெங்கம்மாள் நாயின் முதுகைத் தடவினாள். கை வழுக்கியது. முதுகில் நாக்கு எட்டிய இடமெல்லாம் நக்கிய தடம். தூணோரம் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தையும் அது சொட்டில்லாமல் நக்கியிருந்தது; கழுவி வைத்ததுபோல் பளபளத்தது. எண்ணெய் வயிற்றைப் புரட்டியதால்தான் அது பச்சையைத் தேடித் தின்று கக்கியிருக்கிறது.

சார்ஜெண்டு எழுந்து உடம்பை உதறியது. நேராகத் தொட்டிக்குப் போய் ஓர் இலையை வெடுக்கென்று கடித்தது.

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. "நல்லாத் தின்னுலே" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் நாய்க்கு எட்டாத பரணில் ஏற்றினாள். பிறகு தொட்டியை, கடித்த பக்கம் வாசலைப் பார்க்க, தானே திருப்பி வைத்தாள்.