தாயில்பட்டிக்கு இரண்டு பேர்

எங்கள் அமைப்பின் இணையதளத்தைத் திறந்தால் முதலில் பதிமூன்று பேர் தெரிவார்கள். தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள். எல்லோரும் ஒரே நீலப் பின்னணியில், ஒரே அளவு வட்டத்துக்குள். அதற்குக் கீழே நன்கொடைக்கான பெரிய சிவப்புப் பொத்தான். அதற்கும் கீழே அமைப்பின் வரலாறு. வேலைக்கான விண்ணப்பம் ஐந்து இடங்களில் அழுத்திய பிறகு வரும். அதை அச்செடுத்து, நிரப்பி, இரண்டு போட்டோ ஒட்டித் தபாலில் அனுப்ப வேண்டும்.

ஐந்து மாதமாக ஒருவரும் அனுப்பவில்லை.

தளிர்க்கை, சிவகாசியில் உள்ள ஒரு சின்னத் தொண்டு அமைப்பு. பட்டாசு வேலையில் தீப்பட்டவர்களின் கைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறோம். காயம் ஆறினாலும் தோல் இறுகிக்கொள்ளும், விரல் மடங்காது. தினமும் யாராவது பிடித்து மடக்கி நீட்ட வேண்டும். அதற்காகத் தாயில்பட்டியில் ஓர் அறை எடுத்திருக்கிறோம். இருபத்திரண்டு பேர் வருகிறார்கள். அங்கிருந்த உதவியாளர்களில் ஒருவர் குரூப் ஃபோர் தேர்வில் தேறிப் போய்விட்டார். இன்னொருவர் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனார். பிசியோதெரபிஸ்ட் நசிமா அக்கா காலையில் சிவகாசி, மதியம் தாயில்பட்டி என்று, சாப்பாட்டைப் பஸ்ஸிலேயே முடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

"ஜூன் முப்பது வரைக்கும் பாப்பேன்," என்றார் கூட்டத்தில். "ஆள் வரலைன்னா தாயில்பட்டி ரூமைப் பூட்டிருவேன். ரெண்டு இடத்தையும் அரைகுறையாப் பாக்குறதுக்கு ஒண்ணையாவது ஒழுங்காப் பாக்கலாம்."

செயலாளர் சாபிர் சார், அலுவலக வேலை பார்க்கிற என் பக்கம் திரும்பினார்.

"கற்பகம், நீ பிஎஸ்சி தானம்மா. அந்த வெப்சைட்டைக் கொஞ்சம் சரிபண்ணிக் குடேன்."

நான் படித்தது இயற்பியல். ஆனாலும் தலையாட்டினேன்.

எதைச் சரிசெய்வது என்று தெரியாததால் ஒரு சோதனை செய்து பார்க்க நினைத்தேன். தாயில்பட்டிக்குப் போய், சிகிச்சைக்கு வரும் முத்துப்பேச்சி அக்காவிடம் என் போனைக் கொடுத்தேன். பன்னிரண்டு வருஷம் பட்டாசு பேக்கிங்கில் இருந்தவர். வலது கையில் இப்போது இரண்டு விரல்கள்தான் மடங்கும்.

"இதுல ஒரு வேலை இருக்குக்கா. எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க," என்றேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"யாரு புள்ள இவுக எல்லாம்? கல்யாண பேனர்ல நிக்க மாதிரி நிக்காக."

"கமிட்டி."

"இவுகளுக்கா வேலை வேணும்?"

எழுத்துகள் பொடிப்பொடியாக இருந்தன. அக்கா விரல் முட்டியால் அழுத்தினார். ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் இருப்பது திறந்தது. கடைசியில் சிவப்புப் பொத்தான் அகப்பட்டது.

"என்கிட்டயே காசு கேக்குது பாரு இது."

விரல் இளகுவதற்காக வெதுவெதுப்பான மெழுகுத் தொட்டியில் கையை விட்டிருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். நாலு நிமிஷத்தில் அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, வேலை இருக்குன்னே வெச்சுக்குவோம். எத்தனை மணிக்கு விடுவீக? பஸ்ஸு எங்கன நிக்கும்? ஞாயித்துக்கெளமை லீவா? டிகிரி கேப்பீகளா? அதையெல்லாம் விட்டுட்டு வரலாறைப் போட்டிருக்கீக. வரலாறைப் படிச்சுட்டா ஒருத்தி வேலைக்கு வருவா?"

எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொண்டேன்.

சாபிர் சார் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். தினசரி காலண்டர்தான் பிரதான வேலை. அவர் மேசையில் அடுத்த வருஷம் எப்போதோ வந்துவிட்டது. படங்களைக் கீழே இறக்கலாமா என்று கேட்டேன்.

"அது எப்படிம்மா? காலண்டர்ல கம்பெனி பேரு சின்னதா இருந்தா ஆர்டர் குடுத்தவுக சண்டைக்கு வந்துருவாக. கமிட்டிக்காரவுகளும் அப்படித்தான்."

எனக்கு வாதாடத் தெரியாது. போனை அவர் முன்னால் வைத்தேன்.

"வேலை எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒரு தடவை பொருளாளரின் படத்தைப் பெரிதாக்கி, என்ன செய்தும் சின்னதாக்க முடியாமல் அப்படியே விட்டார். ஆறு நிமிஷம் ஆனது.

"ஏம்மா, இது தேதியே தெரியாத காலண்டரால்ல இருக்கு."

"ஆமா சார்."

"எவன் இதைச் செவத்துல மாட்டுவான்?" போனை என் பக்கம் தள்ளினார். "தேதியைப் பெருசாப் போடு. எங்க மூஞ்சியெல்லாம் அடியில போட்டுக்க. தலைவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

ஒன்பது நாளில் புதிய தளம் தயாரானது. முதல் பக்கத்தில், போனை நீட்டிப் பிடித்தாலும் படிக்கிற அளவில், 'தாயில்பட்டிக்கு இரண்டு பேர் வேண்டும்' என்று வைத்தேன். அதன் கீழே முத்துப்பேச்சி அக்காவின் கேள்விகளும் அவற்றுக்குப் பதில்களும். வேலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை. பேருந்து அறைக்கு நேர் எதிரே நிற்கும். ஞாயிறு விடுமுறை. பட்டம் வேண்டாம், பயிற்சி நாங்கள் கொடுப்போம். சம்பளத்தையும் மறைக்காமல் போட்டேன். பிறகு இரண்டே கட்டங்கள்: பெயர், போன் நம்பர். பொத்தானை விரல் முட்டியால் அழுத்திப் பார்த்தேன். வேலை செய்தது.

சாபிர் சார் எல்லாப் பக்கங்களையும் தாளில் அடிக்கச் சொன்னார். சிவப்புப் பேனாவால் திருத்தி, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

"நல்லாப் பாத்துக்கம்மா. அச்சுப் பிளேட்டுக்குப் போயிட்டா மாத்த முடியாது."

"இதுல மாத்தலாம் சார்."

"வெளியிட்ட பிறகுமா?"

"எப்ப வேணும்னாலும்."

பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப நாங்க முப்பது வருஷமா எதுக்கு இம்புட்டுப் பயந்து சாகுறோம்?"

நோயாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் தள முகவரியைப் போட்டோம். அவர்கள் அதைத் தங்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள். நாலு நாளில் பதினான்கு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். நசிமா அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். பட்டியலை எடுத்துக்கொண்டு போய்க் கூப்பிட ஆரம்பித்தார்.

பதினான்கு போனும் அணைந்திருந்தன.

மறுநாள் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும் கூப்பிட்டார். இருபத்தாறாம் தேதி, வெள்ளிக்கிழமை, நாலு மணிக்குப் பட்டியலை என் மேசையில் வைத்தார்.

"பொழுதுபோகாமப் போட்டிருப்பாக கற்பகம். ஒன் மேல தப்பில்லை."

ஒரு தாளில், தாயில்பட்டிக்கு வருபவர்கள் ஜூலை முதல் சிவகாசிக்கு வர வேண்டும் என்று எழுதினார். கதவில் ஒட்டுவதற்கு. எழுதி முடித்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தாயில்பட்டியிலிருந்து சிவகாசிக்கு எல்லோராலும் தினமும் வர முடியாது. இருபத்திரண்டில் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். பயிற்சி நின்றால், மடங்குகிற விரல்களும் எத்தனை நாளில் இறுகும் என்பது எனக்குத் தெரியும்.

பட்டியலைக் கணினியில் திறந்தேன். பெயர், நம்பர், பதிவான நேரம். காலை 6.20. மாலை 6.05. காலை 6.45. இரவு 7.30. பதினான்கில் ஒன்றுகூடப் பகல் நேரத்தில் இல்லை.

பட்டாசு ஆலைக்குள் போன் கூடாது. காலையில் கேட்டிலேயே அணைத்து வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து கிளம்பும்போதுதான் திரும்பக் கிடைக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. என் அம்மா பதினெட்டு வருஷமாகப் பட்டாசு வேலைக்குப் போகிறாள். பகலில் அவளை நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. நாங்கள் எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள்தான். ஆனால் அலுவலக நேரம் பத்திலிருந்து ஐந்து. அதனால் பத்திலிருந்து ஐந்துக்குள் கூப்பிட்டோம்.

மணி ஐந்து ஐம்பது. நசிமா அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தெரியாதவர்களிடம் போனில் பேச எனக்கு வராது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு முதல் நம்பரை அழுத்தினேன். அழகுமீனா. முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் வேன் இரைச்சல், பாட்டு.

"வணக்கம், நான் தளிர்க்கையிலிருந்து..."

"ஏய், வந்துருச்சு. டிரைவர் அண்ணே, பாட்டை நிப்பாட்டுங்க." பாட்டு நின்றது. "சொல்லுங்க மேடம்."

என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. தாளில் எந்த வரியில் இருந்தேன் என்பது மறந்துவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமை... தாயில்பட்டியில... நேர்ல வர முடியுமா?"

"அன்னிக்குத்தான எங்களுக்கு லீவு. வந்துருவோம்."

"வந்துருவோம்னா?"

"இந்த வண்டியில மட்டும் அஞ்சு பேர் போட்டிருக்கோம் மேடம். நீங்க கூப்பிடலைன்னதும் ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கிட்டுக் கெடக்கோம், நீதான் நம்பரைத் தப்பாப் போட்டன்னு."

போன் கை மாறியது. இன்னொரு குரல்.

"டிகிரி வேணாம்னு போட்டிருக்கீகளே, நெசந்தானா?"

"நெசந்தான்."

"புண்ணைப் பாத்து மயக்கம் வந்தா என்ன செய்ய?"

"எனக்கும் மொத நாள் வந்துச்சு. தண்ணி குடிச்சேன்."

வேன் முழுக்கச் சிரிப்பு. அது தாளில் இல்லாத வரி. அதற்குப் பிறகு நான் தாளைப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் பதினான்கு பேரிடமும் பேசி முடித்தேன். நசிமா அக்கா திரும்பக் கூப்பிட்டார். சொன்னேன்.

"எல்லாருமா எடுத்தாக?"

"எல்லாரும்."

"பேஷன்ட் வீட்டாளுக எல்லாம் சாயங்காலந்தான் எனக்குப் போன் பண்ணுவாக. ஏன்னு ஒரு நாளாவது யோசிச்சேனா நான், கிறுக்கச்சி."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். அறை கொள்ளாமல் பாதிப்பேர் வெளியே நின்றார்கள். நசிமா அக்கா கேள்வி எதுவும் கேட்கவில்லை. முத்துப்பேச்சி அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொருவரையும் அவர் கையைப் பிடித்து மடக்கச் சொன்னார். முத்துப்பேச்சி அக்காதான் மதிப்பெண் போட்டார்.

"இவ மாவு பெசையுற மாதிரி பெசையுறா, வேணாம். அந்தப் பையன் பயப்படுறான், ஆனா வலிச்சா ஒடனே நிறுத்துறான். இந்தா, இவ நல்லவ. என் மொகத்தைப் பாத்துக்கிட்டே மடக்குறா."

மூன்றாவதாகச் சொன்னது அழகுமீனாவை. பயப்பட்ட பையன் பெயர் பாண்டிச்செல்வம். இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டோம். மற்றவர்களின் பெயர்களைப் பத்திரமாக வைக்கச் சொன்னார் சாபிர் சார். சாத்தூரிலும் ஓர் அறை கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

இரண்டு வாரம் நசிமா அக்கா தினமும் தாயில்பட்டிக்குப் போய் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகு அறை அவர்கள் பொறுப்பு. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு வழக்கம்போல எழுந்து, பையைத் தோளில் மாட்டி, வாசல் வரை போனார். அங்கேயே நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். புளிச்சோறு. முழுவதையும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். பிறகு என் டப்பாவைப் பார்த்து, "அது என்ன தொவையல்? கொஞ்சம் வையி," என்றார்.