டேப் ஒட்டிய கம்பி

பெயிண்ட் வேலை முடிந்த அன்று, கலர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். கலரை மட்டும்தான் பார்க்கப் போனேன் என்றால் என் வீட்டுக்காரரே நம்பமாட்டார். ஹாலில் ஓசைக்காரர் முட்டி போட்டு, தலையை அலமாரிக்குப் பின்னால் நுழைத்து, மிச்ச உடம்பை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு ஸ்பீக்கருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். ஓசைக்காரர் என்பது நான் வைத்த பெயர். ஆபீஸில் அவருக்கு வேறு மரியாதை. மோதிக்கொண்ட கார்களைப் போய்ப் பார்த்து, தப்பு யார் மேல் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. நசுங்கின கதவைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாராம். சொன்னது சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது.

அந்த ஸ்பீக்கர்கள் அவருடைய கல்யாணத்தைவிட வயதானவை. பூட்ஸ் டப்பாவை நிமிர்த்தி வைத்த அளவுதான் இருக்கும். மரப்பெட்டி, முன்னால் மூக்குப்பொடி நிறத்தில் துணி. யாரோ வீடு காலி பண்ணும்போது கொடுத்ததை, பிரம்மச்சாரியாக இருந்த இவர் மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டு வந்தாராம். அவர் வீட்டுக்கு எவர் போனாலும் தண்ணீர் குடிக்குமுன் ஸ்பீக்கர்களுக்கு எதிரே இருக்கிற பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். நாற்காலிக்குத் தரையில் சாக்பீஸ் குறி உண்டு. குறியிலிருந்து நாம் அசைந்தால் அவர் முகம் சுருங்கும். ஒருமுறை எனக்கே பாடம் நடத்தியிருக்கிறார். ஒரு பெட்டிக்குக் கம்பியை மாற்றி மாட்டிவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்குமாம். பாட்டில் இருக்கிற கனமெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடுமாம். "முக்காவாசிப் பேர் வீட்ல அப்படித்தான் பாடிட்டிருக்கும். அவங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று பரிதாபப்பட்டார். அவருடைய கம்பி இரண்டு இழையும் ஒரே நிறம். அடையாளத்துக்கு ஒரு இழையில் கறுப்பு டேப் சுற்றியிருப்பார்.

அன்றைக்கு அந்த டேப் ஒன்று கழன்று தரையில் கிடந்தது. பெயிண்டரின் தின்னர் படிந்த கை பட்டிருக்கும். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எந்த இழையில் இருந்தது என்று மெனக்கெட்டுப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ, "நம்ம வீட்டுக் கம்பி எனக்குத் தெரியாதா" என்று ஒட்டினார்.

அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவனைக்கூடச் சிரிக்க வைத்து உள்ளே அனுப்புவாள். சாயங்காலம் அந்தப் பெரிய நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பீன்ஸ் நறுக்குவாள். பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பாள். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஓசைக்காரர் பல்லைக் கடித்துக்கொள்வார், ஆனால் போகச் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

கம்பி மாட்டி, பாட்டுப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் புருவம் ஏறியது. ஆம்ப்ளிஃபையரைத் திருகினார். நாற்காலியைக் குறிக்குச் சரியாக இழுத்தார். பெட்டிக்குக் காதை வைத்தார். "கனம் போயிடுச்சே" என்றார், வீட்டில் களவு போனமாதிரி. பிறகு ஆபீஸ் குரலில் விசாரணை தொடங்கியது. பெட்டிகளை உள்ளறைக்கு எடுத்துப் போனது யார்? அவள்தான். பெயிண்டர் ஏணிமேல் இருந்ததால் போர்வையில் சுற்றித் தானே எடுத்துப் போனாளாம். வைக்கும்போது கை வழுக்கி ஒன்று மட்டும் கொஞ்சம் தொப்பென்று உட்கார்ந்ததாம்.

"எவ்வளவு உயரத்துல இருந்து?"

அவள் கையால் காட்டினாள். ஒரு டம்ளர் உயரம் இருந்தால் அதிகம். அவர் தலையை மெல்ல ஆட்டினார். நான் பச்சை நிறம் நன்றாக வந்திருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். வருகிறவர்களிடமெல்லாம், "பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு வீட்ல கீழ போட்டுட்டாங்க. உள்ளே காந்தம் நகர்ந்திருக்கும். மனுஷங்கதானே" என்பார். அந்த 'மனுஷங்கதானே' வரும்போது அவள் சமையலறையில் எதையாவது தேடிக்கொண்டிருப்பாள். முக்காலி பால்கனிக்குப் போய்விட்டது. அதன்மேல் ஒரு செடித்தொட்டி ஏறியது. பீன்ஸ் நின்றபடியே நறுக்கப்பட்டது. அந்த அலமாரியைத் துடைக்கக்கூட அவள் கை போகவில்லை, தூசி படிந்துவிட்டது. என்னிடம் ஒருநாள், பஸ் ஸ்டாப்பில், சம்பந்தமே இல்லாமல், "ரொம்ப மெதுவாத்தான் வச்சேன்க்கா" என்றாள்.

அவர்கள் ஹாலுக்கும் என் சமையலறைக்கும் ஒரே சுவர். என் பக்கத்தில் பாத்திர மூடிகளை வரிசையாகக் கொக்கியில் மாட்டியிருக்கிறேன். அவர் பாட்டுப் போட்டால் என் மூடிகள் தாளம் போடும், காப்பி ஆறும்வரை கிணுகிணுக்கும். பெயிண்ட் அடித்த நாளிலிருந்து மூடிகள் வாயடைத்துவிட்டன. மனிதருக்கு வயதாகி நிதானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

பிறகு அவள் தன் சம்பளத்தில் புது ஜோடி வாங்கிக்கொண்டு வந்தாள். அதே அளவு, வெள்ளை நிறம். மகள் வீட்டுக்கு ஒரு தடவை போய்வர எடுத்து வைத்திருந்தது அப்படிக் கரைந்தது. பழையதைப் பிரிய அவருக்கு ஏதோ பிணத்தை எடுப்பதுபோல் இருந்தது. கடைசியில் அவள் தம்பிக்குக் கொடுத்தார். தம்பி சலவைக்கடை வைத்திருப்பவன். கடையில் எந்நேரமும் ரேடியோ கத்தும். ஓசைக்காரர் அவனுக்கு வைத்த பெயர் தகரக்காது. "உன் காதுக்கு இது தாராளம், மச்சான்" என்று சொல்லித்தான் கொடுத்தார். புது ஜோடியை அதே கம்பியில், அதே டேப்பைப் பார்த்து மாட்டினார். அதிலும் கனம் வரவில்லை. "புதுசு. ஓடிஓடிப் பழகணும்" என்றார். அதற்காக ஆபீஸ் போகும்போதுகூட யாருமில்லாத ஹாலில் பாட்டைப் போட்டுவிட்டுப் போவார். வாரக்கணக்கில் அது பழகியது. அவள் வாசற்படியில் நின்றபடி, "பழகிடுச்சாங்க?" என்று கேட்பாள். "பழகுது" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் கனமான போர்வையைத் துவைக்கப் போட வேண்டியிருந்தது. தம்பி கடை இடம் மாறிப் பெரிதாகியிருந்தது. அவர்கள் காரில் நானும் தொற்றிக்கொண்டேன். கடைக்குள் காலை வைத்ததுமே என் செருப்புக்கு அடியில் தரை துடித்தது. மெஷின் ஓடுகிறது என்று நினைத்தேன். மெஷின்கள் வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தன. மேலே பலகையில், சோப்புத்தூள் டப்பாக்களுக்கு நடுவே, மூக்குப்பொடித் துணி போட்ட அந்தப் பழைய ஜோடி பாடிக்கொண்டிருந்தது. பாடியது என்று சொல்வது குறைவு. ஹாங்கரில் தொங்கிய சட்டைகளெல்லாம் லேசாக மூச்சு விட்டன.

வாய் சும்மா இருக்கிற ஜென்மமா நான். "அட, இப்படித்தான் எங்க மூடியெல்லாம் ஆடும். நீங்க பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு நின்னது, புதுசு வந்தும் ஆடலையே" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அதன் எடை எனக்கே தெரிந்தது.

ஓசைக்காரர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியை எப்படி மாட்டினான் என்று மச்சானைக் கேட்டார். தம்பி துணிக்குச் சீட்டுக் குத்திக்கொண்டே, "சிவப்பை சிவப்புல, கறுப்பை கறுப்புல. அதுல என்ன மாமா பெரிய வித்தை" என்றான். அவன் கம்பி புதுசு. நிறம் போட்ட கம்பி, அடையாளத்துக்கு டேப் தேவையில்லை. ஓசைக்காரரின் கை, ரிப்போர்ட் எழுதப் பேனா தேடுவதுபோல், தானாகத் தன் சட்டைப்பையைத் தடவியது, அங்கே எதுவும் இல்லை. காது மடல் சிவந்திருந்தது. மோதின காரையெல்லாம் பார்த்த கண், இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எடை போடும் தராசைப் பார்த்தது.

அவள் பலகைக்குக் கீழே போய், எட்டி, ஒரு பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் பார்ப்பதுபோல.

"அப்போ, இது உடையலையா?"

கடையில் அவளுக்கு மட்டும்தான் அதற்குப் பதில் தெரியாது. தம்பிகூடத் தலையைத் தூக்கிவிட்டான். ஓசைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"இந்த இடம் அப்படி. கல்தரை பாரு. எதை வச்சாலும் அதிரும்."

"ஓ" என்றாள். கையை எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையில் தூசி இல்லை, இருந்தும் இடுப்பில் துடைத்தாள். திரும்பி வரும்போது காரில் நான் வானிலையைப் பற்றிப் பேசினேன். இருவரும் எனக்கு மட்டும் பதில் சொன்னார்கள்.

மதியம் நான் அவளைக் கூப்பிட்டேன், மாவுச்சல்லடை இரவல் வேண்டும் என்று. எனக்குச் சல்லடை இருக்கிறது. சல்லடையோடு வந்தவள் என் சமையலறையில் நின்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். அப்போதுதான் மூடிகள் பேசின. முதலில் பெரிய மூடி, பிறகு வரிசையாக எல்லாம், பழையபடி கிணுகிணுவென்று. அவள் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. கல்தரை இல்லை, பழைய பெட்டி இல்லை. அதே ஹால், அவள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஜோடி, அவள் கை படாத அலமாரி. அவள் கண்ணில் தண்ணீர் வந்ததா என்றால், வந்தது. அது கோபமா நிம்மதியா என்று நான் பக்கத்தில் நின்றும் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு பாட்டு முடியவில்லை. சட்டென்று நின்றது. அலமாரி தரையில் உராயும் சத்தம் கேட்டது. மறுபடி பாட்டு வந்தது. மெலிந்து, கொசு மாதிரி, இத்தனை நாள் வந்த அதே பாட்டு. மூடிகள் ஆடி அடங்கின. மனிதர் சரியாக மாட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி தப்பாகவே மாட்டி வைத்துவிட்டார். வீட்டுக்கு வரும் மனைவி கேட்கக்கூடாதே.

அவள் ஒரு விரலால் பெரிய மூடியைத் தொட்டு அதன் ஆட்டத்தை நிறுத்தினாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. பாவம், அவருக்கு அசிங்கமாப் போயிடும்" என்றாள். இத்தனை நாள் தனக்கு ஆன அசிங்கம் அவளுக்கே ஞாபகம் வரவில்லை. சல்லடையை மேடைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நான் சுவரில் காதை வைத்தேன். கதவு திறந்தது. பால்கனியில் செடித்தொட்டியைத் தரையில் இறக்கும் சத்தம். பிறகு ஏதோ தரையோடு இழுபட்டு வந்தது, முக்காலியின் கால்கள்தான். பெரிய நாற்காலி இருக்கிற இடம்வரை வந்து நின்றது. பாட்டு மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது. கத்தி பலகையில் படும் சத்தம் ஒன்று, இன்னொன்று. அவள் முணுமுணுக்கவில்லை.

பாட்டு நின்றது. இந்தத் தடவை யாரும் அவசரப்படவில்லை. அலமாரி மறுபடி உராய்கிறதா என்று காதை இன்னும் அழுத்தினேன். கத்தியும் நின்றுவிட்டது. என் கொக்கியில், கடைசியில் தொங்கும் சின்ன மூடி மட்டும் மெல்ல ஒருமுறை சுவரைத் தட்டியது. என் தலையும் அதே சுவரில் சாய்ந்திருந்தது. அதனால் கம்பி சரியாகிவிட்டது என்று சத்தியம் செய்யமாட்டேன்.