பூங்காவனம் தைத்த அறைகள்

காஜா பெராங் தெருவில் பொன்னுதுரையின் வீட்டு அறைகளை எவரும் எண்ணுவதில்லை. யாரும் விதித்த தடையன்று; ஆயினும் தபால்காரர் முதல் சம்பந்திகள் வரை அனைவரும் அதைக் கடைப்பிடித்தனர். 1957இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த ராஜரத்தினம்கூட, அறைகளுக்குரிய கட்டத்தில் ‘போதுமானவை’ என்று எழுதி, காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது கூடமும் அடுப்படியும் மட்டுமே கொண்ட பலகை வீடு. உள்ளே போனவர்கள் வெளியே வர அரைமணி நேரம் பிடித்தது.

அறைகள் பொன்னுதுரையின் மனைவி பூங்காவனத்தின் திரைச்சீலைகளிலிருந்து வந்தவை. ஜப்பானியர் காலத்தில், மூன்று பிள்ளைகளும் ஒரே பாயில் உதைத்துக்கொண்டு உறங்குவதைக் காணப் பொறுக்காமல், அவள் அரிசிச் சாக்கைப் பிரித்துத் துவைத்து, சங்குப்பூச் சாற்றில் நீலமேற்றி, அதில் ஒரு சன்னலையும் ஒரு கொய்யா மரத்தையும் நூலால் பின்னி, வெறும் சுவரில் தொங்கவிட்டாள். விடிந்தபோது திரைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. பொன்னுதுரை சன்னல் வழியே கைநீட்டி ஒரு பழத்தைப் பறித்துத் தின்று, சற்றுத் துவர்ப்பதாகச் சொன்னார். அதன்பின் சாப்பிடுவதற்கு ஓர் அறை, பிள்ளைகள் படிப்பதற்கு ஓர் அறை, மழைநாளில் துணி காய்வதற்கு எந்நேரமும் வெயிலடிக்கும் ஓர் அறை என்று அவள் தைத்துக்கொண்டே போனாள்.

எண்ணக் கூடாது என்பது 1949இல் தெரிந்தது. கடைத்தெருவான ஜாலான் பெண்டஹாராவில் ஓர் அரிசிக் கடையில் அளவுகாரராக இருந்த பொன்னுதுரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை மென்றபடி அறைகளை எண்ண முற்பட்டார். முதற்படியை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று அளக்கும் தொழிற்பழக்கத்தில், கூடத்தை ஒட்டிய வானொலி அறையின் முன் நின்று “லாபம்” என்றார். அறை சுவராகிவிட்டது. உள்ளே பாடிக்கொண்டிருந்த வானொலி, பேட்டரி தீரும்வரை மூன்று நாட்கள் பலகைக்குள்ளேயே பாடியது.

“நான் ஒண்ணுன்னா சொன்னேன்? லாபம்னுதானே சொன்னேன்,” என்று அவர் வாதாடினார்.

“வீட்டுக்கும் அரிசிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன்,” என்றாள் பூங்காவனம். அன்றே அவள் மற்றொரு திரைக்குத் துணி வெட்டினாள்.

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சோற்றைப் பிசையும்போதும் அவள் கால் தையல் மிஷினை மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. நாடு விடுதலை பெற்ற ஆண்டுகளில் அந்த ஆட்டம் கூடியது. பிள்ளைகளின் பேச்சில் ஊர்ப்பெயர்கள் பெருகியிருந்தன. மூத்தவன் ஜெயபாலன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை இருப்பதாகச் சொன்னான். அவள் ஒரு துறைமுகத்தைப் பின்னினாள். அவன் அந்தச் சன்னலில் தூண்டில் போட்டு மீன்பிடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டான். இளையவன் தேவதாஸ் கோலாலம்பூர் என்றான். அவள் ஒரு ரயில் நிலையத்தைத் தைத்தாள். அவன் தினமும் நான்கு மணி வண்டிக்குக் கையசைத்தபடி கல்யாணமும் செய்துகொண்டான். தெருவே அவளைப் பாராட்டியது.

1962இல் கடைசிப் பெண் விஜயாவுக்கு இங்கிலாந்தில் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. சிங்கப்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை கப்பல். பூங்காவனம் பத்து நாட்களில் தன் வாழ்நாளின் மிகப் பெரிய திரையைத் தைத்து முடித்தாள். அந்தச் சன்னலில் பனி பெய்தது.

விஜயா உள்ளே சென்று பனியைக் கையில் ஏந்திப் பார்த்தாள். “குளிரவே இல்லம்மா. நூலு மாதிரி இருக்கு.”

“கொஞ்ச நாள்ல குளிரும் பாரு.”

“நான் போவணும்மா.”

திங்கட்கிழமை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். அறை அறையாக நடந்து அடுப்படியில் வந்து நின்றாள். பெட்டி இல்லாமல் நடந்தால் தெரு வந்தது. பெட்டியோடு நடந்தால் அடுப்படிதான். பெட்டியைத் தனியே சன்னல் வழியாகத் தள்ளியும் பார்த்தார்கள். அது கொய்யா மரத்தடியில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை பூங்காவனமே பெட்டியின் ஒரு பிடியைப் பற்றி முன்னே நடந்தாள். இருவரும் அடுப்புக்கு முன்னால் போய் நின்றனர்.

“வாசல எங்கம்மா வச்சிருக்கீங்க?” என்று கேட்டு விஜயா சிரிக்கத் தொடங்கினாள், பிறகு அது சிரிப்பாக இல்லை.

பூங்காவனம் பனித்திரையின் தையலைப் பிரித்தாள். நண்பகலுக்குள், பேச்சுக் கவனத்தில், அவள் கைகளே அதைத் திரும்பத் தைத்திருந்தன. அவள் அந்தக் கைகளை வேறு யாருடையவையோ போல வெகுநேரம் பார்த்திருந்தாள்.

அதற்குப் பின்னும் அவள் நாற்பத்தாறு ஆண்டுகள், தொண்ணூற்றொரு வயதுவரை வாழ்ந்தாள். மகன்களின் ஊர்களுக்குப் பஸ்ஸேறிப் போய்த் தலையணை உறைகள் தைத்துக் கொடுத்தாள். அவை உறைகளாகவே இருந்தன. ஆனால் அந்தப் புதன்கிழமை காலை அவளுக்குத் தெரிந்திருந்ததெல்லாம், எண்ணி முடித்தால் மிஞ்சும் கூடத்துக்கும் அடுப்படிக்கும் உள்ளே இரண்டு மகன்களும் குடும்பம் நடத்த முடியாது, அவர்களும் போய்விடுவார்கள் என்பதுதான்.

எல்லாரையும் சாமான்களோடு தெருவில் இறங்கச் சொன்னாள். மழை வருமுன் வற்றலை எடுக்கும் வேகத்தில் மருமகள்கள் பாத்திரங்களை வெளியேற்றினர். ஜெயபாலன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டான். பெட்டியோடு விஜயாவை அடுப்படியில் நிறுத்திவிட்டு, பூங்காவனம் சன்னலை அகலத் திறந்து, தெரு முழுவதற்கும் கேட்கும்படி, முதல் திரையை நோக்கி, “ஒண்ணு!” என்றாள்.

வீட்டிலும் மலாயே பேசும் எதிர்வீட்டுச் செட்டி நடராஜன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “மாக், ஜாங்கான் கீரா!” அம்மா, எண்ணாதே என்று அவர் மலாயில் கத்தியதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மடித்த துணியை அலமாரியில் வைக்கும் ஓசையுடன் அறைகள் ஒவ்வொன்றாகச் சுவராயின. நாலு என்றபோது நான்கு மணி வண்டி காலையிலேயே கூவி அடங்கியது. ஏழு என்றபோது கூடமும், அதற்கப்பால் திறந்த வாசலும், வாசலில் காஜா பெராங் வெயிலும் தெரிந்தன. பொன்னுதுரை பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். விஜயா அம்மாவின் தோளில் ஒருமுறை முகத்தை அழுத்தினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

“எட்டு,” என்றாள் பூங்காவனம், மிச்சமிருந்த பனித்திரையைப் பார்த்து.