ஏழு மணி மேடு

"அம்மா, காத்து அழுக்கானா யாரு துடைப்பாங்க?"

மூச்சிரைப்போடு மடியில் சாய்ந்து கிடந்த மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி அது. பதில் தெரியாத தாய், ஆராய்ச்சி மாணவியாகப் பொறியியல் கல்லூரிக்குத் திரும்பினாள். நான்கு வருட உழைப்பில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருவி பிறந்தது. வீட்டுக் காற்று கெட்டால், பிள்ளைக்கு இரைப்பு வருமுன்பே சொல்லிவிடும். இருபது வீடுகளில் வைத்துப் பார்க்க மருத்துவமனையும் சம்மதித்திருந்தது.

ஆனால் தினமும் காலை ஏழு மணிக்கு, ஆளில்லாத ஆய்வகத்தில், காற்றின் கெடுதியைத் திரையில் காட்டும் கோடு மலைபோல் எழுந்து எட்டரைக்குப் படுத்துவிடும். மகளைப் பள்ளியில் விட்டு ஒன்பதுக்கு வருபவள், பதிவைப் பார்த்துத் தலையில் கைவைப்பாள். மூன்று மாதமாகக் கருவிக்குள் எதையெதையோ மாற்றினாள். மேடு மட்டும் மாறவில்லை.

"உன் பொட்டி புளுகுதும்மா," என்றார் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். "வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலன்னா ஆஸ்பத்திரிக்கு நானே வேண்டாம்னு எழுதிடுவேன். பிள்ளைங்க மூச்சு, விளையாட்டில்ல."

வியாழனன்று மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, விடிந்ததும் வந்து திரைமுன் உட்கார்ந்தாள். துப்புரவு அக்கா இருமிக்கொண்டே வாளியோடு நுழைந்தாள். பாதித் தரையைத் துடைத்தவள் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னிக்கும் கோவிச்சுக்கிட்டு எழுந்துருச்சா? பினாயில் வாடைன்னா உங்க பொட்டிக்கு ஆகாதும்மா. எனக்கும்தான்."

"இத ஏன்க்கா இத்தன நாளா சொல்லல?"

"யாரு கேட்டா?"

அவளுக்குச் சுருக்கென்றது. கருவியைச் சந்தேகித்தவர்கள், விடியலில் வந்து போகும் மனுஷியை நினைக்கவேயில்லை.

மறுநாள் அக்கா வெறும் தண்ணீரில் துடைத்தாள். கோடு படுத்தே கிடந்தது. பெட்டி புளுகவில்லை. பேராசிரியர் கையெழுத்திட்டார்.

"கட்டுரையில உங்களுக்கு நன்றி போடுறேன்க்கா."

"ஐயோ, வேணாம்மா! வாடை இல்லன்னாலே எங்க மேஸ்திரி குதிப்பாரு. வெறுந்தண்ணின்னு எழுதி வச்சா என் பொழப்புல மண்ணு..." மீதியை இருமல் விழுங்கியது. அந்த இருமலை அவள் தன் மடியில், மகளிடம் கேட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை ஆய்வகக் கதவில் ஒரு பலகை தொங்கியது: 'காலையில் சோதனை நடக்கிறது. துடைக்க வரவேண்டாம்.' மேஸ்திரி வாசித்துவிட்டுப் போனார். சம்பளம் குறையாமல், அக்காவின் பதினோரு அறைகளில் ஒன்று மட்டும் குறைந்தது.

தாழிட்ட கதவுக்குப் பின்னால், அந்தப் பலகையை எழுதி மாட்டியவளே முழங்காலிட்டு மேசைக்கடியில் துடைத்துக்கொண்டிருந்தாள். வாளியில் வெறும் தண்ணீர். கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்று துணியைப் பிழிந்தாள். மணி ஏழு அடித்தது. பெட்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தது, கோடு அசையவில்லை.